கொக்கேஷி: ஒரு பொம்மையும் அதன் பெயரும்

ஒலியொப்புமை ஒன்றையே துணையாகக் கொண்டு சொல்லுக்குப் பொருள் காண முற்படின் என்ன நேரும் என்பதற்கு, ஜப்பானிய மரப்பொம்மை ஒன்றின் வரலாற்றை ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம்.

ஹொன்ஷு தீவின் வடபகுதி தொஹொக்கு எனப்படும். பனிமிகுந்த அம்மலைநாட்டின் வெந்நீர் ஊற்றுகளுக்கு, அறுவடை ஓய்ந்த காலத்தில் உழவர் நீராட வருவர். ஆங்குக் கிண்ணமும் தட்டும் கடைந்து விற்ற மரக்கடைசல் தொழிலாளர், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிள்ளைகளுக்கெனக் கடைந்த விளையாட்டுப் பொருளே கொக்கேஷி. கையில்லை, காலில்லை. உருண்டைத் தலையும் உருளை உடலுமே உண்டு. மிசுகி என்னும் வெளிறிய மரத்தைப் பட்டை நீக்கிப் பல மாதம் உலரவிட்டுக் கடைவர். மரம் சுழலும்போதே தூரிகையை ஊன்றி வளையக்கோடுகள் இடுவர். கண்ணும் மூக்கும் சுழற்சி நின்றபின் தீட்டப்படும். நாருகோ என்னும் ஊரில், உடல் சுழன்றுகொண்டிருக்கையிலேயே தலையின் முளையைக் குழியில் அழுத்திப் பொருத்துவர். அத்தலையைத் திருப்பினால் கீச்சென்று ஒலிக்கும். குழந்தை அழுவது போன்ற அவ்வொலியே அவ்வூர்ப் பொம்மையின் அடையாளம்.

இனிப் பெயருக்கு வருவோம். ஜப்பானிய மொழியில் ‘கொ’ என்பது குழந்தை. ‘கெசு’ என்பது அழித்தல். ஆகவே கொக்கேஷி என்பது ‘குழந்தையை அழித்தல்’ என்றும், பஞ்சத்தில் பெற்றோரே கொன்ற சிசுக்களின் நினைவுச்சின்னம் என்றும் ஒரு விளக்கம் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவியது. அந்நாட்டில் பஞ்சமும் உண்மை; சிசுக்கொலையும் உண்மை. அதனாலேயே கேட்டோர் எளிதில் நம்பினர்.

ஆயின் இப்பொம்மைக்குத் தொடக்கத்தில் ஒரே பெயர் இருந்ததில்லை. கிபொக்கோ என்றும் தெக்கோ என்றும் ஊருக்கொரு பெயர் வழங்கிற்று. 1940இல் நாருகோவில் கூடிய ஆர்வலரே ‘கொக்கேஷி’ என்பதைப் பொதுப்பெயராக்கினர். அதனையும் பொருளுணர்த்தும் சீனவழி எழுத்தில் அன்றி, ஒலியை மட்டும் குறிக்கும் எழுத்திலேயே எழுதலாயினர். பல வழக்குகளுள் ஒன்றாக இருந்த பெயரைப் பிளந்து, பொம்மை பிறந்த காரணத்தையே அதனுள் தேடுவது எங்ஙனம் பொருந்தும்? இவ்விளக்கத்திற்குப் பழஞ்சான்று ஏதுமின்மையின் ஆய்வாளர் இதனை ஏற்பதில்லை. மாண்ட சிசுக்களின் துயரம் பெரிது. அதற்குச் சான்று கூறும் பொறுப்பை இப்பொம்மையின் தலையில் ஏற்றுதல் முறையன்று என்பதே எம் கருத்து.

மிகப் பழைய கொக்கேஷிகள் இன்று காண்பதற்கு அரியன. உயிரோடிருந்த பிள்ளைகள் அவற்றை நாள்தோறும் கையில் வைத்து விளையாடியதால், சாயம் மங்கி, மரம் தேய்ந்து, அவை ஒழிந்துபோயின.