உறைகடலில் எண்ணெய்

மார்கழி மாதத்துக் காலையில் தலைக்கு வைக்கத் தேங்காய் எண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்தால் ஒரு சொட்டும் விழாது. அம்மா அதைச் சற்று நேரம் வெந்நீரில் நிறுத்தித் தருவார்கள். குளிரில் எண்ணெய் இறுகும். சூட்டில் இளகி ஓடும். வீட்டில் கற்ற இந்தச் சிறு பாடத்தைக் கடலுக்கு எடுத்துச் செல்வோமா? பனிக்கட்டி மிதக்கும் கடலில் கப்பல் எண்ணெய் கொட்டிவிட்டால் அது என்ன ஆகும்? அதை எவ்வாறு எடுப்பார்கள்?

முதலில் நம் கடலையே பார்ப்போம். 2017-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் நாள் அதிகாலையில், எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. ஒன்று, எரிவாயுவை இறக்கிவிட்டுத் திரும்பிய 'பி.டபிள்யூ. மேப்பிள்'. மற்றொன்று, பெட்ரோலியப் பொருள்களை ஏற்றி வந்த 'டான் காஞ்சிபுரம்'. இரண்டாவது கப்பலிலிருந்து கனத்த எரிஎண்ணெய் கடலில் கசிந்தது. காற்றும் நீரோட்டமும் அதைத் தெற்கே தள்ளின. எர்ணாவூர்ப் பாறைகளில் கருங்குழம்பாகத் திரண்ட எண்ணெய், சில நாட்களில் மெரினாவையும் நம் பெசன்ட் நகர்க் கடற்கரையையும் எட்டியது. அது பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரைக்கு வரும் பருவம். எண்ணெய் அப்பிய ஆமைகளும் கரை ஒதுங்கின.

வெப்பக் கடலில் எண்ணெய் மூன்று காரியங்களைச் செய்கிறது. விரைந்து பரவுகிறது. அதன் இலேசான பகுதி ஆவியாகிறது. எஞ்சியதை அலைகள் தயிர் கடைவதுபோல் நீரோடு கடைந்து குழம்பாக்குகின்றன. அப்படிக் கடைந்த குழம்பு முதலில் கொட்டிய எண்ணெயைவிடப் பல மடங்கு பருத்துவிடும். எண்ணூரிலும் அதுவே நடந்தது. உறிஞ்சும் இயந்திரங்கள் குழம்பின் கனத்தால் திணறின. கடலோரக் காவல் படையினரும் மீனவர்களும் மாணவர்களும் வரிசையாக நின்று வாளிவாளியாக அள்ளினார்கள். அள்ளிய கழிவை, எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர்களைக் கொண்டு பக்குவப்படுத்தினார்கள்.

இனி உறைகடலுக்குப் போவோம். எங்கள் அறிவியல் மன்றத்தில் இதற்காக ஒரு சோதனை செய்தோம். ஒரு தாம்பாளத்தில் வெறும் நீரும், மற்றொன்றில் நீரோடு நிறையப் பனிக்கட்டித் துண்டுகளும் வைத்தோம். இரண்டிலும் ஒரு கரண்டி நல்லெண்ணெய் ஊற்றினோம். முதல் தாம்பாளத்தில் எண்ணெய் பளபளவென்று விளிம்புவரை பரவியது. இரண்டாவதில் துண்டுகளின் இடுக்கிலேயே தடித்து நின்றது. பரவவில்லையே என்று மகிழ்ந்தோம். ஆனால் கரண்டியால் அள்ளப் போனபோது பனிக்கட்டிதான் வந்தது, எண்ணெய் வரவில்லை! உறைகடலின் நன்மையும் தொல்லையும் அந்தத் தாம்பாளத்திலேயே இருந்தன.

உண்மைக் கடலிலும் அப்படித்தான். குளிரில் எண்ணெய் மெல்லப் பரவும், மெல்ல ஆவியாகும். பனிக்கட்டி அலையை அடக்குவதால் குழம்பாவதும் குறையும். எண்ணெய் பனித்தளத்தின் அடியில் சிக்கினால் அங்குள்ள குழிகளில் தேங்கும். குளிர்காலத்தில் அதற்குக் கீழே புதிய பனி உறைந்து, எண்ணெயை நடுவில் வைத்து மூடிவிடும். வசந்தம் வந்ததும் பனிக்குள் இருக்கும் நுண்ணிய உப்புநீர்ப் பாதைகள் வழியே அது மேலேறி வரும். மாதக்கணக்கில் ஒளிந்திருந்தும் அது புதிதாகக் கொட்டியது போலவே இருக்கும்! குளிர் எண்ணெயை அழிப்பதில்லை, பத்திரப்படுத்தி வைக்கிறது.

எடுக்கும் வழிகள் யாவை? மிதக்கும் தடுப்புகளால் எண்ணெயை வளைத்து வழித்தெடுப்பது ஒன்று. ஆனால் பனிக்கட்டி தடுப்பை முறிக்கும், பொறியை அடைக்கும். இரசாயனம் தூவி எண்ணெயைச் சிறு துளிகளாகச் சிதறடிப்பது மற்றொன்று. அதற்கு நீர் கலங்க வேண்டும், அடங்கிய நீரில் கப்பலின் விசிறியால் கலக்க வேண்டியிருக்கும். மூன்றாவது, நின்ற இடத்திலேயே கொளுத்துவது. எண்ணெய் சில மில்லிமீட்டர் தடிமனாவது இருந்தால்தான் தீப்பிடிக்கும். பனிக்கட்டியே சுவராக நின்று அந்தத் தடிமனைக் காத்துத் தருகிறது. எனினும் கரும்புகை எழும். பிசின் போன்ற மிச்சம் தங்கும். பனிக்கடியில் ஒளிந்ததைத் தேட ராடார் கருவிகள் உண்டு. நார்வே நாட்டவர் மோப்ப நாய்களைப் பழக்கியும் சோதித்திருக்கிறார்கள்.

குளிர்ந்த கடலின் பெரிய எச்சரிக்கை அலாஸ்காவில் நேர்ந்தது. 1989 மார்ச் 24 அன்று 'எக்ஸான் வால்டெஸ்' என்ற கப்பல், மிதந்து வந்த பனிக்கட்டிகளைத் தவிர்க்கத் தன் பாதையை விட்டு விலகிச் சென்று பாறையில் மோதியது. சுமார் 4 கோடி லிட்டர் கச்சா எண்ணெய் கொட்டியது. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட கரை பாழாயிற்று. கடற்பறவைகளும் நீர்நாய்களும் பெருந்தொகையில் மாண்டன. வெந்நீரைப் பீய்ச்சிப் பாறைகளைக் கழுவியபோது, எண்ணெயோடு அங்கு வாழ்ந்த சிற்றுயிர்களும் அழிந்தன. பத்தாண்டுகளுக்கு மேல் கழித்துக் கூழாங்கற்களைத் தோண்டியவர்கள் அடியில் எண்ணெய் இன்னும் இருக்கக் கண்டார்கள்.

நமக்கும் அந்தக் கடலுக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். அண்டார்க்டிகாவில் மைத்ரி, பாரதி என்றும், வடதுருவப் பகுதியில் ஹிமாத்ரி என்றும் நம் நாட்டுக்கு ஆய்வு நிலையங்கள் உண்டு. அண்டார்க்டிகக் கடலில் கனத்த எரிஎண்ணெய்க்கு 2011-லேயே தடை வந்தது. வடதுருவக் கடலில் 2024 ஜூலை முதல் தடை தொடங்கியது; சில கப்பல்களுக்கு மட்டும் 2029 வரை விலக்கு உண்டு.

எண்ணூரில் கடலே எண்ணெயைக் கரைக்குக் கொண்டுவந்தது. அள்ள ஆயிரக்கணக்கான கைகள் இருந்தன. அப்படியிருந்தும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் மறுபடி எண்ணெய் புகுந்தபோது, படகும் வலையும் அலையாத்திச் செடிகளும் கறுத்தன. மீனவர் பிழைப்பு முடங்கியது. உறைகடலிலோ குளிர்காலத்தில் நீண்ட இருட்டு. அருகில் ஊருமில்லை, வாளி ஏந்த ஆளுமில்லை. கொட்டியதை அள்ளும் கலை எவ்வளவு வளர்ந்தாலும், கொட்டாமல் காப்பதற்கு அது ஈடாகாது.

அந்தக் காவலை நம் வீட்டிலேயே தொடங்கலாம். அப்பளம் பொரித்து மிஞ்சிய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாதிருப்போம். வண்டியில் மாற்றிய பழைய ஆயிலை மழைநீர்க் கால்வாயில் கொட்ட வேண்டாம் என்று வீட்டாரிடம் சொல்வோம். அடையாற்றில் விழுவது கடலில்தான் சேரும். கடல்களுக்கு நடுவே சுவர் ஏது?