சட்டம் அறிவோம்: ஒரு விபத்து, எத்தனை சட்டம்?



"சட்டம் தன் கடமையைச் செய்யும்" என்று சினிமாவில் அடிக்கடி வசனம் வரும். எந்தச் சட்டம் என்று யாரும் சொல்வதில்லை. நாமும் சட்டம் என்றால் போலீஸ், கோர்ட், ஜெயில் அவ்வளவுதான் என்று நினைக்கிறோம். உண்மையில் சட்டம் ஒரு ஆலமரம் மாதிரி. கிளைகள் பல. எந்தக் கிளையைப் பிடிக்க வேண்டும் என்று தெரியாததால்தான் நிறையப் பேருக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்காமலே போகிறது.

என் சித்தப்பா வக்கீல் குமாஸ்தாவாக இருக்கிறார். அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், நூலகத்தில் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன். பாடம் மனதில் நிற்க, எங்கள் பகுதியில் நடந்த ஒரு விபத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

நடந்தது இதுதான்: சென்ற ஐப்பசி மாதம், 17 வயது அண்ணன் ஒருவர் தன் மாமாவின் பைக்கை எடுத்துக்கொண்டு வேகமாக வந்தார். சாலையோரம் பூ விற்கும் ஆயா மீது மோதிவிட்டார். ஆயாவுக்குக் கால் எலும்பு முறிவு. பெரியவர்கள் கூடி, "சின்னப் பையன், படிப்பு கெட்டுடும், விட்டுடுங்க" என்று பேசி, 3,000 ரூபாய் கொடுத்தார்கள். ஆயாவும் ஆஸ்பத்திரியில் "வழுக்கி விழுந்துட்டேன்" என்று சொல்லிவிட்டார். மூன்று மாதம் பூக்கூடை தூக்க முடியவில்லை.

இதில் எத்தனை சட்டம் இருக்கிறது? எண்ணிப் பார்ப்போம்.

1. குற்றவியல் சட்டம்

ஒரு செயலை அரசே "குற்றம்" என்று அறிவித்துத் தண்டனை வைத்திருந்தால் அது குற்றவியல் சட்டம். திருட்டு, கொலை, மோசடி, கண்மூடித்தனமாக வண்டி ஓட்டுவது எல்லாம் இதில் வரும். இதில் வழக்கு நடத்துவது அரசு. ஏனென்றால் குற்றம் ஒருவருக்கு மட்டும் எதிரானது அல்ல, சமுதாயத்துக்கே எதிரானது.

நமக்குத் தெரிந்த இந்திய தண்டனைச் சட்டம் 1860-இல் வந்தது, 511 பிரிவுகள். அதற்குப் பதிலாக 'பாரதிய நியாய சன்ஹிதா' 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது; 358 பிரிவுகள். 2024 ஜூன் 30 வரை நடந்த குற்றங்களுக்குப் பழைய சட்டமே பொருந்தும்.

உங்களுக்குத் தெரியுமா? கொலைக்கு இருந்த 302 இப்போது 103. மோசடிக்கு இருந்த 420 இப்போது 318. ஆகவே இனிமேல் யாரையும் "சரியான ஃபோர் ட்வென்ட்டி" என்று திட்டினால் அது பழைய பாடத்திட்டம்!

2. இளைஞர் நீதிச் சட்டம்

ஓட்டியவருக்கு 18 வயது ஆகவில்லை. அதனால் அவர் விஷயம் சாதாரண கோர்ட்டுக்குப் போகாது. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும். அதில் ஒரு மாஜிஸ்ட்ரேட்டும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள். அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். நோக்கம் திருத்துவது. 16 வயதுக்கு மேற்பட்டவர் மிகக் கொடிய குற்றம் செய்தால் மட்டும், பெரியவர்போல விசாரிக்கலாமா என்று குழுமம் ஆராயும்.

இந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு இப்படிப்பட்ட சிறுவரின் பெயர், பள்ளி, படம் எதையும் பத்திரிகையில் வெளியிடக் கூடாது என்கிறது. நம் சுவர்ப் பத்திரிகையும் பத்திரிகைதானே! அதனால் நானும் எழுதவில்லை. யாரும் என்னிடம் கேட்காதீர்கள்.

3. மோட்டார் வாகனச் சட்டம்

"பையன் சின்னவன், ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்கவும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் 199ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. 18 வயது ஆகாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால், பெற்றோர் அல்லது காப்பாளர், இல்லையென்றால் வண்டியின் உரிமையாளர் குற்றவாளியாகக் கருதப்படுவார். மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. ஓட்டியவருக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. தனக்குத் தெரியாமல் எடுத்துச் சென்றார் என்று நிரூபித்தால் பெரியவர் தப்பலாம்.

கியர் இல்லாத, 50 சி.சி.க்கு மேற்படாத வண்டிக்கு மட்டும் 16 வயதில், பெற்றோர் சம்மதத்துடன் லைசென்ஸ் வாங்கலாம். மாமா சாவியைக் கையில் கொடுத்தது பாசம்தான். ஆனால் சட்டத்தின் கண்ணில் அது குற்றம்.

4. உரிமையியல் சட்டமும் தீங்கியலும்

அந்த அண்ணனைத் திருத்தினாலும், மாமாவுக்கு அபராதம் போட்டாலும், ஆயாவின் மூன்று மாத வருமானம் வந்துவிடுமா? வராது. அபராதம் அரசுக்குப் போகும். ஆயாவுக்கு வேண்டியது இழப்பீடு. அதற்குப் போக வேண்டிய கிளை உரிமையியல்.

ஒருவர் கவனக்குறைவால் இன்னொருவருக்குத் தீங்கு செய்தால் ஈடு செய்ய வேண்டும் என்பதே தீங்கியல். சாலை விபத்துக்கென்று தனியாக மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் இருக்கிறது. வைத்தியச் செலவு, இழந்த வருமானம், வலி, வேதனை எல்லாவற்றையும் கணக்குப் போடுவார்கள். காப்பீட்டு நிறுவனம் முதலில் ஆயாவுக்குப் பணம் கொடுத்துவிட்டு, லைசென்ஸ் இல்லாததால் அதை உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவிடுவதும் உண்டு.

தேர்வுக்கு வருகிற வித்தியாசம்:
குற்றவியல் – வழக்கு நடத்துவது அரசு, முடிவு தண்டனை, நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும்.
உரிமையியல் – வழக்குப் போடுவது பாதிக்கப்பட்டவர். முடிவு இழப்பீடு அல்லது உரிமை. எந்தப் பக்கம் உண்மை இருக்கக் கூடும் என்று தராசு சாய்ந்தால் போதும்.

ஒரே சம்பவத்துக்கு இரண்டு வழக்கும் தனித்தனியாக நடக்கலாம். இது பலருக்குத் தெரியாது.

5. சாட்சியச் சட்டம்

உண்மை இருந்தால் போதாது, அதைக் காட்ட வேண்டும். விபத்தில் அடிபட்டவர் ஆஸ்பத்திரிக்குப் போனதும் 'ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர்' என்ற பதிவேட்டில் எப்படி அடிபட்டது என்று எழுதுவார்கள். அதுதான் முதல் சாட்சியம். ஆயா அதில் "வழுக்கி விழுந்தேன்" என்று சொன்னதுதான் இன்றைக்குப் பெரிய தடையாக நிற்கிறது. சித்தப்பா, "ஏம்மா, மனுஷன் நாளைக்கு மாத்திப் பேசலாம். அன்னைக்கு எழுதின எழுத்து மாறாது" என்றார். எதிர்க்கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் விபத்தைப் பார்த்திருக்கிறார், சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டிருக்கிறார் என்பதுதான் இப்போதைக்கு ஆறுதல்.

ஆகவே தயவுசெய்து உங்கள் வீட்டில் சொல்லுங்கள்: ஆஸ்பத்திரியில் நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு போனால் நமக்கு வம்பு வருமோ என்ற பயமும் வேண்டாம். நல்லெண்ணத்தோடு உதவுபவருக்கு 134ஏ பிரிவு பாதுகாப்புத் தருகிறது.

6. அரசியலமைப்புச் சட்டம்

எல்லாக் கிளைகளுக்கும் அடிமரம் இது. 1949 நவம்பர் 26-இல் ஏற்கப்பட்டு, 1950 ஜனவரி 26-இல் நடைமுறைக்கு வந்தது. அடிப்படை உரிமையை மீறும் எந்தச் சட்டமும் செல்லாது என்கிறது 13-ஆம் உறுப்பு. சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்பது 14.

"சமம்னு சொல்றீங்க, வக்கீல் ஃபீஸுக்கு ஆயா எங்கே போவாங்க?" என்று நான் சித்தப்பாவைக் கேட்டேன். அதற்கும் இடம் இருக்கிறது. ஏழ்மையால் ஒருவருக்கு நீதி மறுக்கப்படக் கூடாது, இலவசச் சட்ட உதவி வேண்டும் என்கிறது 39ஏ உறுப்பு. இது 1976-இல் சேர்க்கப்பட்டது. அதன்படி 1987-இல் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் வந்தது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசமாக வக்கீல் கிடைப்பார். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கிறது. ஆயாவும் அங்கே போய் மனு கொடுத்துவிட்டார். முடிவு இனிமேல்தான் தெரியும்.

இன்னும் சில கிளைகள், சுருக்கமாக

ஒப்பந்தச் சட்டம் (1872): 18 வயது ஆகாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது. கல்கத்தாவில் ஒரு மைனர் வீட்டை அடமானம் வைத்த வழக்கில் 1903-லேயே பிரிவி கவுன்சில் இப்படித் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆகவே தவணையில் செல்போன் எடுத்துவிட்டு 'கையெழுத்து போட்டாச்சு' என்று பயப்படும் நண்பர்கள் முதலில் வீட்டில் சொல்லவும்.

சொத்துரிமை: இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்பதைத் தமிழ்நாடு 1989-இலேயே சட்டமாக்கியது. நாடு முழுவதற்கும் 2005-இல் வந்தது. கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் வேறு சட்டங்கள் உண்டு.

தொழிலாளர் சட்டம்: சிவகாசி தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் இருந்த குழந்தைகளைப் பற்றிய வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதிக்குக் கட்ட வேண்டும் என்றது. 2016 திருத்தத்துக்குப் பிறகு, 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களை ஆபத்தான தொழிலில் வைப்பதும் குற்றம்.

சுற்றுச்சூழல் சட்டம்: பாலாற்றைக் கெடுத்த தோல் தொழிற்சாலைகள் பற்றிய வேலூர் வழக்கிலும் அதே 1996-இல் தீர்ப்பு வந்தது. மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது.

தகவல் உரிமைச் சட்டம் (2005): 10 ரூபாய் கட்டணத்தில் அரசு அலுவலகத்தைக் கேள்வி கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். குடிமக்கள் அனைவருக்கும் இந்த உரிமை உண்டு; சட்டத்தில் வயது வரம்பு சொல்லப்படவில்லை.

நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டிய எண்கள்:
குழந்தைகள் உதவி – 1098
இலவசச் சட்ட உதவி – 15100
நுகர்வோர் புகார் – 1915

நண்பர்களே, சட்டம் படிக்க வக்கீல் ஆக வேண்டும் என்பதில்லை. எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று தெரிந்தால் போதும். பெரியவர்கள் "பேசி முடிச்சுக்கலாம்" என்று சொல்லும்போது, "யாருக்கு என்ன கிடைச்சது?" என்று ஒரு கேள்வி கேட்போம். அந்த ஒரு கேள்வியில்தான் சட்ட அறிவு ஆரம்பிக்கிறது.

உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் எழுதி, கீழே ஒட்டியிருக்கும் உறையில் போடுங்கள். சித்தப்பாவிடம் கேட்டு அடுத்த இதழில் எழுதுகிறேன்.

– 11-ஆம் வகுப்பு மாணவி