அந்தச் சடக்கு யாருடையது?

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறாய். பாட்டி இருக்கும் தோட்டத்திலிருந்து பெரிய ரோட்டுக்கு வரும் சடக்கு ஏன் இன்னும் செம்மண்ணாகவே கிடக்கிறது? உங்கள் தாமானில் புதிதாகத் தார் போட்ட பிறகும், கொஞ்ச நேர மழைக்கே கான் நிரம்பி வாசல்படிவரை தண்ணீர் ஏறுகிறதே, அது ஏன்? பள்ளிக் கட்டுரைக்காகக் கேட்பதாக எழுதியிருந்தாலும் வரிகளில் கோபம் தெரிகிறது. கோபப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் யாரிடம் கேட்பது என்று தெரியாத கோபம் வீட்டுக்குள்ளேயே சுற்றிவிட்டு அடங்கிவிடும். அதனால் முதலில் நீ தெரிந்துகொள்ள வேண்டியது, அந்தச் சடக்கு யாருடையது என்பதைத்தான்.

அடுத்த முறை பாலிங் பக்கம் போகும்போது சாலையோரப் பலகைகளைக் கவனி. சுங்கை பட்டாணியிலிருந்து கோலக் கெட்டில் வழியாகப் பாலிங் போய், பேராக் மாநிலத்துக்குள் நுழையும் சாலையில் 67 என்ற எண் மட்டும் இருக்கும். அலோர் ஸ்டார், குரூண், சுங்கை பட்டாணி என்று வரும் பழைய பெரிய சாலையின் எண் 1. இப்படி எண் மட்டும் இருந்தால் அது கூட்டரசுச் சாலை; பணம் மத்திய அரசினுடையது. எண்ணுக்கு முன்னால் ‘கே’ என்ற எழுத்து இருந்தால் கெடா மாநிலச் சாலை. இரண்டையும் கவனிப்பது பொதுப்பணித் துறை, அதாவது நாம் ஜேகேஆர் என்று சொல்லும் இலாகாதான். ஆனால் பணம் வரும் பை வேறு. டோல் சாலை அதை நடத்தும் நிறுவனத்தின் பொறுப்பு. தாமானுக்குள் இருக்கும் தெருவும் அதன் கானும், மேம்பாட்டாளர் ஒப்படைத்துவிட்ட பிறகு நகராண்மைக் கழகத்துடையவை. கம்பத்துச் சாலைகளில் பலவற்றுக்கு மாவட்ட அலுவலகத்தைப் பார்க்க வேண்டும். வட கெடாவின் வயல்வெளிகளில் வாய்க்கால் கரையோடு ஓடும் பாதைகள் பல, 1970இல் அமைந்த மூடா வேளாண் மேம்பாட்டு வாரியமான மாடாவின் பொறுப்பில் இருக்கின்றன.

பாட்டியின் சடக்கு இவை எதிலும் இல்லை.

பீடோங், பாடாங் செராய், கூலிம், கோலக் கெட்டில் வட்டாரங்களில் தோட்டங்கள் எழுந்தபோது கம்பெனிகள் தங்கள் நிலத்துக்குள் தாங்களே பாதை போட்டன. ரப்பர் பாலையும் ஷீட்டையும் ஸ்டோரிலிருந்து பெரிய சாலைக்கும் இரயில் நிலையத்துக்கும் கொண்டுபோக அவை தேவைப்பட்டன. அதே பாதையில்தான் நம் ஆட்கள் காலை ஆள்கணக்கெடுப்பான பிரட்டுக்குப் போனார்கள், பிள்ளைகள் தமிழ்ப்பள்ளிக்கு நடந்தார்கள், பிள்ளைத்தாய்ச்சிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தலைமுறை தலைமுறையாக நடந்தும் அது பொதுச்சாலை ஆகவில்லை. நிலப்பட்டாவில் அது தோட்டத்தின் ஒரு துண்டு, அவ்வளவுதான். 1971க்குப் பிறகு புதிய பொருளாதாரக் கொள்கைக் காலத்தில் நாட்டுப்புறங்களுக்குச் சாலையும் பாலமும் மின்சாரமும் வந்தன. தோட்டம் தனியார் நிலம் என்ற காரணத்தால் லயத்து மக்கள் அந்தத் திட்டங்களுக்கு வெளியே நின்றார்கள். நாட்டுக்கே அந்நியச் செலாவணி சம்பாதித்துக் கொடுத்தவர்களின் வாசலில் நாட்டின் சாலைப்பணம் நின்றுவிட்டது. இதை நான் அநீதி என்றே சொல்வேன்.

பணம் எப்படி வருகிறது என்று தெரிந்தால் இது இன்னும் தெளிவாகும். மாநிலங்களுக்குச் சாலைப் பராமரிப்பு மானியம் தர வேண்டும் என்று கூட்டரசு அரசியலமைப்பின் 109ஆம் பிரிவும் பத்தாவது அட்டவணையும் சொல்கின்றன. அந்த மானியத்துக்குச் சாலைகளின் நீளம் முக்கியம். எந்தெந்தச் சாலை எவ்வளவு நீளம் என்ற கணக்கு ‘மாரிஸ்’ என்ற பதிவேட்டில் இருக்கிறது. பதிவேட்டில் உள்ள ஒவ்வொரு கிலோமீட்டரும் ஆண்டுதோறும் பணம் கொண்டுவரும். அதில் இல்லாத சாலைக்கு இந்த மானியம் கிடையாது. தேர்தல் சமயத்தில் யாராவது ஒருவர் இரண்டு லாரி சரளைக்கல் கொட்டிவிட்டுப் போகலாம். அடுத்த மழைக்கு அது கரைந்துவிடும். மறுபடி கொட்ட எந்தக் கணக்கிலும் இடம் இருக்காது.

அப்படியானால் வழியே இல்லையா என்று கேட்பாய். இருக்கிறது, கொஞ்சம் நீண்ட வழி. தோட்ட நிர்வாகம் சடக்கு ஓடும் நிலத்தை மட்டும் மாநில அரசிடம் ஒப்படைக்கலாம். அளந்து, சாலை ஒதுக்கு நிலமாகப் பதிந்துவிட்டால் அதைப் பொதுச்சாலையாக ஏற்றுக்கொள்ள வழி பிறக்கும். நிர்வாகம் மறுத்தால், பொதுத் தேவைக்கு நிலம் எடுக்க 1960ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் மாநிலத்துக்கு அதிகாரம் தருகிறது. 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத்தில் இன்னொரு ஏற்பாடும் உண்டு: தனியார் நிலத்தின் வழியே பொதுமக்கள் போய்வரும் உரிமையை நில நிர்வாகி ஏற்படுத்திக் கொடுக்கலாம். தோட்டத்துக்குள் உள்ள வீடு, தண்ணீர், சுகாதாரம், ஆயாக்கொட்டகை ஆகியவற்றுக்கு 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டு வசதித் தரச் சட்டம் இருக்கிறது. அதற்கு தொழிலாளர் துறைக்குத்தான் எழுத வேண்டும், நகராண்மைக் கழகத்துக்கு அல்ல. ஆகவே பாட்டியின் சடக்குக்காக முதலில் தட்ட வேண்டிய கதவு நில அலுவலகம். அந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது, சாலைக்கென்று ஏதாவது ஒதுக்கியிருக்கிறார்களா என்று அங்கே கட்டணம் செலுத்திப் பார்க்கலாம். சில இடங்களில் தோட்டம் துண்டாகிக் கைமாறியபோது சாலைக்கு ஒதுக்கீடு செய்திருப்பார்கள். ஊரில் யாருக்கும் தெரிந்திருக்காது.

இனி தாமானுக்கு வருகிறேன். இங்கே கானைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. சாலை என்றால் எல்லாரும் தாரைத்தான் பார்க்கிறார்கள். ஒரு சாலையின் ஆயுளைத் தீர்மானிப்பது அதன் ஓரத்தில் இருக்கும் கான்.

தாருக்குக் கீழே நொறுங்கிய கல்லும் மணலும் அடுக்கடுக்காக இருக்கின்றன. பாரத்தைத் தாங்குவது அந்த அடுக்குகள். ஓரத்துக் கான் அடைத்திருந்தால் தண்ணீர் வடியாமல் பக்கவாட்டில் ஊறி அவற்றுக்குள் இறங்கும். ஊறிய அடுக்கின்மேல் லாரி ஏறும்போது சக்கரம் தண்ணீரை அழுத்த, அது நுண்மண்ணையும் சேர்த்துக்கொண்டு வெடிப்புகள் வழியே வெளியே பீச்சும். உள்ளே பொந்து விழும். மேலே முதலில் முதலைத்தோல் போல வெடிப்பு, பிறகு குழி. குழியில் தாரைக் கொட்டி மூடினால் அடுத்த மழையில் அதே இடம் திறந்துகொள்ளும், ஏனென்றால் தண்ணீர் அங்கேயேதான் இருக்கிறது. இன்னொன்று: பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல், அதன்மேலேயே திரும்பத் திரும்பத் தார் போட்டால் சாலை உயர்ந்துகொண்டே போகும். வீட்டு வாசல் அப்படியே இருக்கும், தண்ணீர் அதை நோக்கி இறங்கும். உங்கள் தாமானில் நடந்திருப்பது இதுவாக இருக்கலாம். வாசல்படிக்கும் சாலை நடுவுக்கும் உள்ள உயர வித்தியாசத்தை அளந்து பார்த்து எழுது.

தண்ணீர் வேறு எங்கிருந்து கூடியது என்பதையும் யோசி. கெடாவில் தாமான்கள் பல முன்பு ரப்பர் காடாக இருந்த நிலங்கள். மரத்தடிச் சருகும் மண்ணும் மழையை உறிஞ்சின. மேட்டுத் தோட்டங்களில் மண் அரித்துப் போகாமல் இருக்க வரப்புப் படிகளும் மண்குழிகளும் வெட்டியிருந்தார்கள். கான் வெட்டுவது தோட்டத்தில் தனி வேலை. எந்தப் பக்கம் சரிவு, எவ்வளவு ஆழம் என்று நிலத்தைப் பார்த்தே சொல்லும் கிழவர்கள் இருந்தார்கள். அந்த நிலத்தில் கூரையும் சிமெண்டும் வந்தவுடன் பெய்த மழையில் பெரும்பகுதி சில நிமிடங்களில் கானுக்கு வந்துவிடுகிறது. வடிகால் நீர்ப்பாசனத் துறை இதைக் கருதித்தான் 2001 முதல் சூழலுக்கு இசைந்த வடிகால் கையேட்டை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதுவரை தண்ணீரைச் சீக்கிரம் வெளியே தள்ளுவதே முறை. அதற்குப் பிறகு, தண்ணீரை விழுந்த இடத்திலேயே கொஞ்சம் நிறுத்தி மெதுவாக விட வேண்டும் என்பது முறை. புதிய தாமான்களில் வேலியிட்ட குளம் இருக்கிறதே, அது அதற்காகத்தான். அதில் பழைய மெத்தையையும் கட்டட இடிபாட்டையும் கொட்டுகிறவர்கள் பக்கத்து வீட்டுக்குள் வெள்ளத்தை அனுப்புகிறார்கள்.

நம் மாநிலத்துக்கு இது புதிய அறிவும் அல்ல. 1885இல் கெடாவின் முதலமைச்சர் வான் மாட் சாமான் அலோர் ஸ்டாரிலிருந்து தெற்கே ஜெராய் மலையடிவாரம் நோக்கி ஒரு கால்வாய் வெட்டத் தொடங்கினார். முடிய ஏறத்தாழ பதினொரு ஆண்டுகள் ஆயின. நீளம் சுமார் 36 கிலோமீட்டர். கோடு வளையாமல் இருக்க இரவில் வரிசையாக விளக்கு ஏற்றிவைத்துப் பார்த்துக் குறித்தார்கள் என்று சொல்வார்கள். சதுப்பு வடிந்து நெல்வயல் ஆனது, கரையில் ஊர்கள் எழுந்தன. சாலைக்கு முன்னால் தண்ணீருக்கு வழி வகுத்த அந்த வரிசையை இன்றைய திட்டங்களும் பின்பற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பாலத்தையும் விட முடியாது. 2021 ஆகஸ்டு 18 அன்று ஜெராய் மலையில் கொட்டிய மழை யானிலும் மெர்போக் பக்கமும் சேறும் பாறையும் மரமுமாக இறங்கி ஆறு பேரைக் கொன்றது. 2022 ஜூலை 4 அன்று பாலிங் வட்டாரத்துக் கூப்பாங்கில் அதே மாதிரி. மூன்று பேர் இறந்தார்கள், ஈபோய் கம்பம் சிதைந்தது. இப்படிப்பட்ட வெள்ளத்தில் ஆபத்து தண்ணீரால் மட்டும் அல்ல. அடித்து வரும் மரங்கள் தாழ்வான பாலத்தின் தூண்களில் சிக்கி அணைபோல அடைத்துக்கொள்ளும். தண்ணீர் பின்னால் தேங்கி இருபக்கமும் ஊருக்குள் பாயும், அல்லது பாலத்தையே பெயர்த்துக்கொண்டு போகும். அதனால் புதுப் பாலத்தை நூறாண்டு வெள்ளத்துக்கும் மேலே நிற்கும்படி, ஆற்றின் நடுவில் தூண் குறைவாக, கட்ட வேண்டும். நூறாண்டு வெள்ளம் என்றால் நூறு ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும் என்று நினைத்துவிடாதே. ஒவ்வோர் ஆண்டும் நூறில் ஒரு பங்கு வாய்ப்பு என்று பொருள். மேலே மலைக்காட்டை வெட்டிவிட்டுக் கீழே பாலத்தை மட்டும் உயர்த்திக்கொண்டிருந்தால் எந்தக் கணக்கும் நிலைக்காது.

நகராண்மைக் கழகத்தை நாம் ஏன் தேர்ந்தெடுப்பதில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தாய். இந்தோனேசிய மோதல் காலத்தில், 1965இல், உள்ளாட்சித் தேர்தலை நிறுத்தினார்கள். அதே ஆண்டு உள்ளாட்சிகளை ஆராய அமைந்த அரச ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் செனட்டர் ஆதி நாகப்பன், நம் தமிழர். 1968இல் முடிந்த அந்த அறிக்கை தேர்தல் திரும்ப வேண்டும் என்றது. அரசு ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டப்படி 8 முதல் 24 வரையான உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. ஆனாலும் அந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவைப் படித்துப் பார்: கழகத்தின் முழுக் கூட்டம், அது வேறுவிதமாகத் தீர்மானித்தால் ஒழிய, பொதுமக்களுக்கும் பத்திரிகைக்கும் திறந்தது. வீட்டு மதிப்பீட்டு வரியை ஆண்டுக்கு இரண்டு முறை கட்டும் நம்மில் எத்தனை பேர் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறோம்? உன் வகுப்புத் தோழிகளோடு ஒருமுறை போய்வா.

புகார் எழுதும்போது “ரோடு மோசம்” என்று எழுதாதே. எந்தச் சாலை, எந்த எண், எந்தக் கிலோமீட்டர் கல், பக்கத்து விளக்குக் கம்பத்தில் உள்ள எண் என்ன என்று எழுது. மழை நேரத்திலும் மழை விட்ட பிறகும் எடுத்த படங்களைத் தேதியோடு சேர். கான் எங்கே அடைத்திருக்கிறது, கல்வெர்ட் குழாய் எவ்வளவு அகலம், தண்ணீர் கடைசியில் எந்த ஆற்றில் சேர்கிறது என்று நடந்து பார்த்துக் குறிப்பிடு. கடிதம் மலாய் மொழியில் இருக்கட்டும். உன் மலாய் நன்றாகவே இருக்கிறது. புகார் எண் வாங்காமல் திரும்பாதே. அடுத்த ஆண்டின் வரவு செலவை இந்த ஆண்டு முடிவதற்குள் தீர்மானித்துவிடுவார்கள், டிசம்பரில் எழுதினால் பயன் குறைவு. நம் பக்கம் செப்டம்பர், அக்டோபரில் மழை வலுக்கும், கானை ஆகஸ்டுக்குள் தோண்டிச் சுத்தம் செய்யக் கேள்.

பாட்டியின் சடக்குக்காக நில அலுவலகத்துக்குப் போகும்போது தோட்டத்துப் பெரியவர்கள் இரண்டு பேரையும் ஆலயக் குழுத் தலைவரையும் உடன் அழைத்துக்கொண்டு போ. பாதை முன்பு எங்கே ஓடியது, எந்தப் பாலத்தைக் கம்பெனி கட்டியது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் சொல்வதை இப்போதே எழுதிவை. பள்ளி விடுமுறை தொடங்கியதும் முதல் வேலையாக இதைச் செய். நகலை எனக்கும் அனுப்பு; சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்துக்கு நானே உன்னோடு வருகிறேன்.

அன்புடன்,
உன் மாமா