அயலக வாழ்வும் அகத்து வாழ்வும் – ஓர் ஒப்பீடு

முன்னுரை

கடல் கடந்து சென்று பொருளீட்டுதல் தமிழருக்குப் புதிதன்று. கடல் கடந்தேனும் செல்வம் தேடுமாறு ஔவையின் கொன்றைவேந்தன் அறிவுறுத்துகின்றது. ஓதற்கும், பகைமேற் சேறற்கும், தூதிற்கும், பொருளுக்கும் தலைவன் பிரிதலைத் தொல்காப்பியம் வகைப்படுத்திக் கூறுகின்றது. கடல்வழிச் செல்லும் பிரிவில் பெண்டிரை உடனழைத்துச் செல்லும் வழக்கமில்லை என்னும் மரபையும் அந்நூலின் அகத்திணையியல் சுட்டுகின்றது. அம்மரபு தோன்றிப் பல நூற்றாண்டுகள் கழிந்த பின்னரும், வளைகுடா நாடுகளுக்குச் செல்லும் தொழிலாளருள் பெரும்பாலோர் மனைவி மக்களை ஊரில் விட்டுத் தனியராகவே செல்கின்றனர். குறிப்பிட்ட அளவு ஊதியம் பெறுவோர்க்கே குடும்பத்தை உடன் வைத்துக்கொள்ளும் அனுமதி அங்குக் கிட்டுகின்றது என்பதே இன்றைய காரணம்.

சங்க இலக்கியத்தின் பாலைத்திணைப் பாடல்கள் பிரிந்து செல்லும் வழியின் வெம்மையையும், ஆற்றியிருக்கும் தலைவியின் துயரையும் விரித்துரைக்கின்றன. வேந்தன் தங்கிய போர்ப் பாசறையை முல்லைப்பாட்டும் நெடுநல்வாடையும் காட்டுகின்றன. பொருள் தேடிச் சென்றவன் அங்கே எங்கு உறங்கினான், எதை உண்டான், யாரோடு பேசினான் என்பதைச் சொல்லும் பாட்டோ மிக அரிது. இன்று நம் இல்லங்களிலும் இந்நிலையே நிலவுகின்றது. அயல்நாட்டிலிருந்து வந்தவரிடம் ஊதியம் எவ்வளவு என்று வினவுகின்றோம். ஒரு நாள் எவ்வாறு கழிகின்றது என்று வினவுவதில்லை. அன்றாட வாழ்வு என்னும் அளவுகோலைக் கொண்டு அயலகத்தையும், நாம் வாழும் தாம்பரம் முதலான தென்சென்னைப் புறநகரையும் ஒப்பிட்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூவகைப் பயணம்

மீனம்பாக்கம் விமான நிலையமும் அதன் எதிரே திரிசூலம் இரயில் நிலையமும் நம் புறநகரின் நடுவே அமைந்துள்ளன. தென்மாவட்டங்களிலிருந்து வருவோர் விடியற்காலையில் தாம்பரத்தில் இறங்கி, பெட்டியும் கயிறு கட்டிய அட்டைப்பெட்டியுமாக மின்சார இரயிலேறித் திரிசூலம் செல்வதை நாம் நாள்தோறும் காண்கின்றோம். இவர்களுக்கு முந்திய தலைமுறையினர் கப்பலில் சென்றனர். சென்னை, நாகப்பட்டினம் துறைகளைப் பினாங்கோடும் சிங்கப்பூரோடும் இணைத்த 'ரஜூலா' கப்பல் 1926 முதல் 1973 வரை ஓடியது.

2015ஆம் ஆண்டில் நடத்தப்பெற்ற தமிழ்நாட்டுப் புலம்பெயர்வு ஆய்வு, தமிழ்நாட்டிலிருந்து சென்று அயல்நாடுகளில் வாழ்வோர் ஏறத்தாழ 22 இலட்சம் பேர் என மதிப்பிட்டது. இவர்தம் பயணத்தை மூவகையாகப் பகுத்துக் காணலாம்.

முதலாவது கீழைக்கடல் நாடுகளுக்குச் செல்லும் பயணம். பினாங்கின் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் 1801இலும், சிங்கப்பூரின் சூலியா பள்ளிவாசல் 1826இலும் தோன்றியவை என்பதிலிருந்தே இதன் பழமை விளங்கும். இந்நாடுகளுக்குச் சென்றோருள் பலர் குடியுரிமை பெற்று அந்நாட்டவராயினர். சிங்கப்பூரில் தமிழ் நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்று.

இரண்டாவது, 1973இல் எண்ணெய் விலை ஏறிய பின்னர்ப் பெருகிய வளைகுடாப் பயணம். எத்தனை ஆண்டுகள் உழைத்தாலும் அங்குக் குடியுரிமை கிட்டுவது அரிதினும் அரிது. பணி முடிந்தால் திரும்பியே ஆகவேண்டும்.

மூன்றாவது, பொறியியல் பட்டதாரிகளின் மேலைநாட்டுப் பயணம். தரமணியில் டைடல் பூங்கா 2000ஆம் ஆண்டில் திறக்கப்பட்டதற்குப் பின்னர் நம் பகுதியில் இது விரைந்து வளர்ந்தது. இவர்கள் குடும்பத்தோடு செல்கின்றனர், திரும்புவது உறுதியில்லை. பெற்றோர் சேலையூரிலும் குரோம்பேட்டையிலும் தனித்து வாழ்கின்றனர்.

தமிழ் முஸ்லிம்களின் பேச்சு வழக்கில், கடல் கடந்து பிழைப்பவனுக்குச் 'சபராளி' என்றொரு பெயர் உண்டு. பயணம் என்னும் பொருளுடைய 'சபர்' என்ற அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது இது. பயணிக்குத் தொழுகையைச் சுருக்கிக்கொள்ளவும் நோன்பைப் பின்னர் நோற்கவும் மார்க்கம் சலுகை அளிக்கின்றது. ஆயினும் இருபது முப்பது ஆண்டுகள் ஓரூரில் தங்கிப் பணியாற்றும் சபராளிக்கு அச்சலுகை இல்லை. பெயரளவில் அவன் பயணி. நடைமுறையில் அங்கே குடியிருப்பவன். அவனுடைய அன்றாட வாழ்வின் சிக்கல் முழுவதும் இந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கின்றது எனலாம்.

காலம்

முதற்கண் கடிகாரத்தை நோக்குவோம். தாம்பரத்தில் இரவு பத்து மணியாகும்போது துபாயில் எட்டரை. சவூதியிலும் குவைத்திலும் ஏழரை. சிங்கப்பூரிலோ நள்ளிரவு கடந்து பன்னிரண்டரை. துபாயில் பணியிலிருந்து திரும்பிக் குளித்து, சமைத்து, உண்டு ஒருவன் ஓய்ந்து அமர ஒன்பதரை மணி ஆகின்றது. அப்பொழுது இங்கு மணி பதினொன்று, பிள்ளைகள் உறங்கிவிடுகின்றனர். ஒன்றரை மணி நேரம் சிறிய வேறுபாடே. ஆனால் தந்தையும் பிள்ளையும் வார நாள்களில் பேசாதிருக்க அது போதுமானதாகின்றது.

விடுமுறையும் அவ்வாறே. வளைகுடாவில் வெள்ளிக்கிழமை ஓய்வுநாள். இங்குப் பள்ளி நடக்கும் நாள். ஐக்கிய அரபு நாடு 2022 சனவரியில் அரசு அலுவலகங்களின் வார விடுமுறையைச் சனி, ஞாயிறுக்கு மாற்றியது. எனினும் தனியார் பணிகள் பலவற்றில் பழைய முறை தொடர்கின்றது. பெருநாள் பிறை அங்குப் பெரும்பாலும் ஒரு நாள் முந்துகின்றது. இங்குப் பிள்ளைகள் புத்தாடை அணியும் காலையில், தந்தைக்குப் பெருநாள் முடிந்து ஒரு நாள் ஆகிவிடுகின்றது. சிங்கப்பூரில் தீபாவளி பொது விடுமுறை, பொங்கலோ பணிநாள். ஒரே குடும்பத்தின் நாட்காட்டி இரண்டாகப் பிரிந்துவிடுவதை இவற்றால் அறியலாம்.

நீரும் உறைவிடமும்

அயலகத்தில் கிடைக்கும் நன்மைகளை மறைத்துக் கூறுதல் முறையன்று. மழையற்ற பாலைநிலத்தில் கடல்நீர் குடிநீராக்கப்பட்டுக் குழாயில் வருகின்றது. மழை பொழியும் நம் புறநகரிலோ 2019ஆம் ஆண்டுக் கோடையில் ஏரிகள் வறண்டு, மக்கள் வண்ணக் குடங்களை வரிசையில் வைத்துத் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தனர். கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் நம் பகுதிக்கு அண்மையில் நெம்மேலியில் 2013இல்தான் திறக்கப்பட்டது. ஐக்கிய அரபு நாட்டில் சூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12.30 மணியிலிருந்து 3 மணி வரை திறந்த வெயிலில் வேலை வாங்குதல் சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது. இத்தகைய ஒழுங்குகளைக் கண்டு பழகியவர் ஊர் திரும்பியபின் இங்குள்ள குறைகளைப் பொறுக்கமாட்டாமல் பேசுவதில் வியப்பில்லை.

உறைவிடத்தை நோக்கின் நிலை மாறுகின்றது. தொழிலாளர் முகாம்களில் ஓரறையில் பலர், அடுக்குக் கட்டில்கள், ஒருவனுக்கு உரியது ஒரு படுக்கையும் ஒரு பூட்டிய பெட்டியும் மட்டுமே. 2020ஆம் ஆண்டில் பெருந்தொற்று பரவியபோது சிங்கப்பூரில் நோயுற்றவருள் மிகப் பெரும்பாலோர் தொழிலாளர் விடுதிகளில் வாழ்ந்தவர்களே. அவர்கள் மாதக்கணக்கில் வெளியே செல்லவியலாமல் அடைபட்டிருந்தனர். நெருக்கமான உறைவிடத்தின் தீமை உலகறிய வெளிப்பட்டது அப்பொழுதுதான்.

இதே தொழிலாளர் அனுப்பிய பணம் இங்கு மனையாகி, வீடாகி, மாடியாகின்றது. அம்மாடியறை ஆண்டில் பதினொரு மாதம் பூட்டிக் கிடக்கின்றது. அதனைக் கட்டியவனோ அங்கே அடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் உறங்குகின்றான்.

மொழியும் மடலும்

வளைகுடாவில் வாழும் தமிழன் பகல் முழுதும் இந்தியும் மலையாளமும் சிறிது அரபும் கலந்து பேசுகின்றான். தமிழ் அறைக்குள் மட்டுமே. 'அக்காமா', 'கபீல்', 'கல்லிவல்லி' போன்ற சொற்கள் அவனோடு நம் தெருக்களுக்கும் வந்து சேர்ந்துள்ளன. சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் ஞாயிறு மாலையில் கூடும் தொழிலாளர்க்குப் பொருள் வாங்குவது ஒரு காரணமே. தடையின்றித் தமிழ் பேசுவதும் ஒரு காரணமாகும். நோன்பு மாதத்தில் அங்குள்ள தமிழர் பள்ளிவாசல்களில் காய்ச்சப்படும் நோன்புக் கஞ்சியும் இத்தகையதே. அது பசி தீர்ப்பதோடு ஊரையும் நினைவூட்டுகின்றது.

ஊரோடு தொடர்பு கொள்ளும் முறைகள் பலவாறு மாறியுள்ளன. நீலநிற வான்மடல், ஊருக்கு வருவோரிடம் கொடுத்தனுப்பிய ஒலிநாடா, மஞ்சள் பலகை மாட்டிய தொலைபேசிக் கடை, இன்றைய முகம் காணும் கைப்பேசி அழைப்பு என அவை வளர்ந்தன. ஆனால் செய்தியின் தன்மை மாறவில்லை. அன்றைய மடலில் 'நலம், நலமறிய ஆவல்' என்பதற்கு மேல் துன்பம் எழுதப்படவில்லை. இன்றைய அழைப்பிலும் அடுக்குக் கட்டில் தெரியாதவாறு சுவர்ப்பக்கம் நின்றே பேசுகின்றனர். இங்கும் தாயின் சர்க்கரை நோயும், வாங்கிய கடனும், மகனின் தேர்வுத் தோல்வியும் மறைக்கப்படுகின்றன. இதனைப் பொய் என்று பழித்தல் தகாது. அன்பின் காரணமாகவே மறைக்கின்றனர். எனினும் இதனால் விளையும் கேடு பெரிது. அண்ணன் நன்றாக இருக்கின்றான் என்று நம்பி, தாயின் நகையை அடகு வைத்துத் தம்பியும் அதே வழியில் செல்கின்றான். மெய்யான செய்தி கிடைத்திருப்பின் அவன் வேறு முடிவு எடுத்திருக்கக்கூடும்.

இக்குறையை ஓரளவு போக்கிய நூல்களும் தமிழில் உண்டு. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' (1972) என்னும் புதினம் மேடான், பினாங்கு நகரத் தெருக்களையும், நாயகன் உள்ளத்தில் ஓடும் ஊர் நினைவுகளையும் அருகருகே வைத்துக் காட்டுகின்றது. அகிலனின் 'பால்மரக் காட்டினிலே' மலேசிய இரப்பர்த் தோட்ட வாழ்வைச் சொல்கின்றது. நம் புறநகரிலிருந்து சென்றோரின் நாள்கள் இன்னும் போதிய அளவு எழுதப்படவில்லை.

2015 கற்பித்த பாடம்

பிரிந்து வாழ்வோர்க்குத் தாயகம் மாறாது நிற்கும் இடமாகத் தோன்றுகின்றது. அத்தோற்றத்தை 2015 திசம்பர் பெருமழை கலைத்தது. திசம்பர் முதல் நாளில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. அடையாறு கரைபுரண்டது. முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் ஆகிய இடங்களில் வீடுகளின் கீழ்த்தளங்கள் மூழ்கின. மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் அறுந்தன. ஓடுதளத்தில் வெள்ளம் புகுந்ததால் மூடப்பட்ட விமான நிலையம் 6ஆம் நாள்தான் மீண்டும் இயங்கத் தொடங்கியது.

அந்நாள்களில் அமெரிக்காவிலும் வளைகுடாவிலும் இருந்த பிள்ளைகள் பெற்றோரின் குரலைக் கேட்கவியலாமல் தவித்தனர். முகவரிகளைச் சமூக ஊடகங்களில் எழுதி, முன்பின் அறியாதவர்களிடம் உதவி வேண்டினர். படகோடு சென்றவர்கள் மீனவர்களும், அண்டை வீட்டாரும், மாணவர்களும், பல சமயங்களையும் சார்ந்த தொண்டர்களுமே. அனுப்பிய பணத்தால் செய்யவியலாத ஒன்றை அண்டை வீட்டார் செய்தனர். அயலகத்தில் ஒருவன் இழப்பது எது என்று கேட்பின், உரிமையோடு கதவைத் தட்டும் இந்த அண்டை உறவையே முதலில் சொல்ல வேண்டும். அவன் அதனை இழப்பதோடு, இங்குள்ள பெற்றோரும் அதனைப் பேணாவிடின் இரு கரையிலும் தனிமையே எஞ்சும்.

நம் ஊரும் ஓர் அயலகமே

ஒப்பீட்டின் மற்றொரு பக்கமும் உண்டு. ஒடிசா, பீகார், அசாம், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்தோர் நம் புறநகரின் அடுக்குமாடிகளைக் கட்டுகின்றனர்; உணவகங்களில் பணிபுரிகின்றனர். கட்டடத்தின் அருகே தகரக் கொட்டகையில் பலர் சேர்ந்து உறங்குகின்றனர். ஞாயிறு மாலையில் தாம்பரம் கடைத்தெருவில் உருளைக்கிழங்கும் வெங்காயமும் வாங்கிக்கொண்டு, தம் தாய்மொழியில் உரக்கப் பேசி மகிழ்கின்றனர். துபாயில் நம் மகன் வாழும் வாழ்வை இவர்கள் தாம்பரத்தில் வாழ்கின்றனர்.

பல மொழி பேசும் பல நாட்டாரும் கலந்து இனிது வாழ்ந்த நகரமாகப் புகாரைப் பட்டினப்பாலை போற்றுகின்றது. அப்பெருமையை வகுப்பில் கற்பிக்கும் நாம், தகரக் கொட்டகையில் வாழ்வோரை எவ்வாறு நடத்துகின்றோம் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். அயலகத்தில் நம்மவர்க்கு எந்த மதிப்பை வேண்டுகின்றோமோ, அதனை இங்கு வந்தோர்க்கு அளிப்பதே நேர்மையாகும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், அயலகம் பொருளையும் ஒழுங்கையும் அளிக்கின்றது என்பதும், காலத்தையும் அண்டை உறவையும் விலையாகப் பெறுகின்றது என்பதும் புலனாகும். அவ்விலை ஒவ்வொருவர்க்கும் வேறுபடும். ஆதலால் செல்லுதல் நன்றா தீதா என்று பொதுவாகத் தீர்ப்புக் கூறுதல் பொருந்தாது. விலையை அறிந்து செல்லுதலே வேண்டுவது.

அயல்நாட்டுப் பணியை நாடும் மாணவர்கள், ஊதியத்தோடு வேறு சில செய்திகளையும் உசாவி அறிதல் வேண்டும். வேலை நேரம் எவ்வளவு? அறையில் எத்தனை பேர்? உணவு யார் பொறுப்பு? எத்தனை மாதத்திற்கு ஒருமுறை ஊர் திரும்பலாம்? கடவுச்சீட்டு யார் கையில் இருக்கும்? ஒப்பந்தம் எழுத்தில் உண்டா? பதிவு பெற்ற முகவர் வழியாகவே ஆள் சேர்த்தல் வேண்டும் என 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் வகுத்தது. சுற்றுலா விசாவில் சென்றபின் வேலை வாங்கித் தருவதாகக் கூறுவோரை நம்புதல் கூடாது.

தமிழ்நாடு அரசு சனவரி 12ஆம் நாளை அயலகத் தமிழர் நாளாகக் கொண்டாடுகின்றது. அந்நாளையொட்டி நம் தமிழ்த்துறை மாணவர்கள் ஒவ்வொருவரும், தம் குடும்பத்திலோ தெருவிலோ கடல் கடந்து வாழ்ந்த ஒருவரிடம் அமர்ந்து, அவருடைய ஒரு நாளை விடியல் முதல் உறங்கும்வரை கேட்டு எழுதி வருதல் வேண்டும். தந்தையிடமே இதுவரை கேட்டிராத மாணவர் பலர் இருத்தல் கூடும். அவர்கள் அவரிடமிருந்தே தொடங்கலாம்.