பற்சிகிச்சைக் கலைச்சொற்கள்: அடைப்பு முதல் உள்வைப்பு வரை

பல்லின் நெடுக்குவெட்டு முகத்தை வரைந்து மிளிரி, பன்முதல், மச்சைக்குழி எனப் பெயரிட நீங்கள் அறிவீர்கள். ஆனால் பல் உறைக்கும் பல் பாலத்துக்கும் உள்ள வேறுபாடு யாது என வினவினால் பலர் தடுமாறுவர். இச்சொற்களை மனனஞ் செய்ய வேண்டியதில்லை. பல்லில் எவ்வளவு பகுதி எஞ்சியுள்ளது என்பதை நோக்கினால் உரிய சொல் தானே புலப்படும்.

முறிந்த எலும்பு பொருந்தும். காயப்பட்ட தோல் ஆறும். மிளிரி அவ்வாறன்று. அதனை ஆக்கிய கலங்கள் பல் முளைக்கும்போதே அழிந்துவிடுகின்றன. வாயிலுள்ள பற்றீரியாக்கள் வெல்லத்திலிருந்து அமிலத்தைத் தோற்றுவிக்கும். பீஎச் பெறுமானம் ஏறத்தாழ 5.5 இலும் குறையும்போது மிளிரியின் கனியுப்புகள் கரையத் தொடங்கும். ஆரம்பத்தில் தோன்றும் வெண்புள்ளியை உமிழ்நீரும் புளோரைட்டும் சேர்ந்து சீராக்கக்கூடும். குழி விழுந்த பின்னர் அது இயலாது. மீளமைப்புச் சிகிச்சையே வழி.

அடைப்பு என்பது சூத்தையான பகுதியை அகற்றிக் குழியை நிரப்புதலாகும். நெடுங்காலம் பயன்பட்ட இரசக்கலவையில் ஏறத்தாழ அரைப்பங்கு இரசமாகும்; மீதி பெரும்பாலும் வெள்ளி, வெள்ளீயம், செம்பு. இரசம் சூழலை மாசுபடுத்துவதால் 2013 இன் மினமாட்டா சமவாயம் இதன் பாவனையைக் குறைக்குமாறு கோரியது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 முதல் பெரும்பாலும் தடை செய்துள்ளது. பல் நிறப் பிசின் அடைப்பு நீல ஒளிபட்டு இறுகுவது.

சூத்தை மச்சையை அடைந்து அது அழியுமாயின் வேர்க்கால்வாய்ச் சிகிச்சை தேவைப்படும். பல்லை வேரோடு பிடுங்குதல் என இதற்கு விடை எழுதுவோர் உளர். உண்மை நேர்மாறானது. மச்சையை அகற்றி, வேரினுள்ளே உள்ள கால்வாயைத் துப்புரவாக்கி நிரப்புவது, பிடுங்காமல் காப்பதற்கே.

இவ்வாறு நலிந்த பல்லை முழுமையாக மூடுவது பல் உறை. முரசுக்கு வெளியே தெரியும் இயற்கையான பகுதியையும் சிகிச்சையில் பொருத்தும் மூடியையும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் குறிப்பர். தமிழில் முதலாவதைப் பல்முடி என்றும் இரண்டாவதைப் பல் உறை என்றும் பிரித்து எழுதினால் குழப்பமில்லை.

இதுவரை கூறியவற்றில் பல்லின் வேர் எஞ்சியிருந்தது. பல்லே இல்லாதவிடத்து வருவது பிரதியீடு.

பல் பாலத்தில் வெற்றிடத்தின் இருபுறமுமுள்ள தாங்குபற்களுக்கு உறையிட்டு, அவற்றுக்கிடையே செயற்கைப் பல் நிலையாகப் பிணைக்கப்படும். இதற்காக நல்ல பற்களின் மிளிரியையும் செதுக்க நேரிடுவது பெருங் குறைபாடு. கட்டுப்பல் கழற்றி மாட்டக்கூடியது. அதன் தளம் பொதுவாக அக்கிரிலிக்கினால் ஆனது. இரவில் கழற்றி நீரில் இட வேண்டும். உள்வைப்பு என்பது தாடையெலும்பினுள் பதிக்கப்படும் தைத்தேனியத் திருகாணி. எலும்பு அதனோடு இறுகப் பிணைவதை எலும்பிணைவு என்பர். சுவீடன் நாட்டுப் பிரனேமார்க் 1965 இல் முதன்முதலாக மனிதரில் இதனைப் பயன்படுத்தினார்.

பயிற்சி வினா

7 வயதுச் சிறுவனின் முதலாம் கடைவாய்ப்பல்லில் சூத்தை பன்முதல் வரை பரவியுள்ளது, மச்சை பாதிக்கப்படவில்லை. "பாற்பல்தானே, பிடுங்கிவிடலாம்" என்கிறார் தாய். இக்கூற்று சரியா? உரிய சிகிச்சை யாது?

விடை: தவறு. இப்பல் ஏறத்தாழ 6 வயதில் பாற்பற்களுக்குப் பின்னால் முளைக்கும் நிரந்தரப் பல். எப்பாற்பல்லும் விழாமலே முளைப்பதால் வீட்டார் ஏமாறுவதுண்டு. பிடுங்கினால் அவ்விடத்தில் வேறு பல் முளைக்காது. உரிய சிகிச்சை அடைப்பு. (உங்கள் தம்பி, தங்கையரின் வாயையும் ஒரு தடவை பாருங்கள்.)