டிரையர் அடுப்பின் சூட்டை வைக்கும் முறை
(தொழிற்சாலைப் பாடம்)



அம்மாமாரும் அக்காமாரும் மலையில் ஏறி இறங்கி நாள் முழுக்க எடுத்த கொழுந்து, கடைசியில் டிரையருக்குள் போகிறது. அங்கே சுமார் 20 நிமிடம்தான். அந்த 20 நிமிடத்தில் அது நல்ல தேயிலையாகவும் ஆகலாம், கருகியோ வெந்தோ கெட்டும் போகலாம். இதைத் தீர்மானிப்பது சூடு. அந்தச் சூட்டைக் காக்கும் கொன்ட்ரோல் பெட்டியைப் பற்றியதே இந்தப் பாடம். ஸ்டோரில் வேலை செய்யும் தம்பிமாரும், அந்த வேலைக்குப் போக நினைக்கும் பிள்ளைகளும் இதைக் கவனமாக வாசிக்க வேண்டும். இதில் தேயிலையின் தரம் மட்டுமல்லாமல், அடுப்படியில் நிற்பவரின் உயிரும் அடங்கியிருக்கிறது.

சூடு எதற்கு?

புளித்த தூளில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். காய்ந்த தேயிலையில் 100 கிலோவுக்குச் சுமார் 3 கிலோ தண்ணீர் மட்டும் இருக்க வேண்டும். பழைய சங்கிலி டிரையர்களில் உள்ளே போகும் காற்று சுமார் 200 பாகை பரனைட், அதாவது 93 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். தூளின் ஈரத்தை எடுத்துக்கொண்டு வெளியே வரும் காற்று சுமார் 120 முதல் 130 பாகை பரனைட், அதாவது 49 முதல் 54 பாகை செல்சியஸ் இருக்கும். வெளிக்காற்றின் சூடு மிகவும் குறைந்தால் தூள் காயாமல் வேகும். மிகவும் கூடினால் மேற்புறம் மட்டும் சீக்கிரமாகக் காய்ந்து இறுகி, உள்ளே ஈரம் தங்கிவிடும். அப்படிப்பட்ட தேயிலை சாக்கில் கிடந்தே கெட்டுப்போகும்.

உங்கள் தொழிற்சாலையின் சரியான எண்களை டீமேக்கர் ஐயாதான் சொல்வார். டிரையரின் வகைக்கும் தேயிலையின் வகைக்கும் ஏற்ப அவை மாறும்.

பெட்டியில் உள்ள மூன்று எண்கள்

எண்ணெய் எரிக்கும் பர்னராக இருந்தால், அதன் கொன்ட்ரோல் பெட்டியில் மூன்று எண்களை அறிந்திருக்க வேண்டும்.

1. குறித்த சூடு. நமக்கு வேண்டிய சூடு இது. சில பெட்டிகளில் இதன் பக்கத்தில் எஸ்.வி. என்று இருக்கும். இப்போது உள்ள உண்மையான சூடு பி.வி. என்று தெரியும்.

2. இடைவெளி. குறித்த சூடு 95 பாகை செல்சியஸ், இடைவெளி 4 பாகை என்று வைத்துக்கொள்வோம். சூடு 95க்கு வந்ததும் எண்ணெய் வால்வு மூடும். 91க்கு இறங்கியதும் பர்னர் மீண்டும் கிளம்பும். இடைவெளியை மிகச் சிறிதாக வைத்தால் பர்னர் அடிக்கடி நின்று நின்று எரியும். பெரிதாக வைத்தால் சூடு ஊஞ்சல் மாதிரி ஆடும்.

3. எல்லைச் சூடு. எது பிழைத்தாலும் இதற்கு மேல் போகக்கூடாது என்ற காவல் எண். இதற்குத் தனியான உணர்கருவி உண்டு. எல்லைக்கு வந்ததும் பர்னர் நின்றுவிடும். ஒருவர் வந்து பார்த்து, காரணத்தைக் கண்டு, கையால் அமர்த்திய பிறகே மறுபடி எரியும்.

இந்த மூன்றாவது எண்ணில் ஒருபோதும் கை வைக்காதீர்கள். "அடிக்கடி நிக்குது, ஒரு கம்பியப் போட்டு இணைச்சி விடுவோம்" என்று சிலர் சொல்வார்கள். அந்த ஒரு துண்டுக் கம்பி முழு ஸ்டோரையும் எரித்துவிடும்.

200 என்றால் எந்த 200?

முக்கியமான ஆபத்து ஒன்று உண்டு. பழைய டிரையர்களின் வெப்பமானிகளில் பரனைட் கணக்கே இருக்கும். வயதானவர்கள் இன்றும் "இருநூறுல வை" என்றுதான் சொல்வார்கள். புதிய பெட்டிகள் பல செல்சியஸ் கணக்கில் வேலை செய்கின்றன. செல்சியஸ் பெட்டியில் 200 என்று வைத்தால் அது 392 பாகை பரனைட். தேயிலை கருகுவது மட்டுமல்ல, டிரையருக்குள் தீயே பிடிக்கலாம்.

ஆகவே பெட்டியில் எந்தக் கணக்கு என்று முதலில் பாருங்கள். இந்தக் கணக்கை ஒரு அட்டையில் எழுதிப் பெட்டியின் பக்கத்தில் தொங்க விடுங்கள்:

120 பரனைட் — 49 செல்சியஸ்
130 பரனைட் — 54 செல்சியஸ்
200 பரனைட் — 93 செல்சியஸ்
210 பரனைட் — 99 செல்சியஸ்

வால்வு எப்படி வேலை செய்கிறது?

பர்னர் கிளம்பும்போது எண்ணெய் உடனே வராது. முதலில் காற்றாடி மட்டும் ஓடி, அடுப்புக்குள் தங்கிய புகையையும் எண்ணெய் ஆவியையும் வெளியே தள்ளும். பிறகு தீப்பொறி. அதன் பிறகே வால்வு திறக்கும். சுவாலை வந்ததா என்று ஒரு "கண்" பார்த்துக்கொண்டே இருக்கும். சில வினாடிகளுக்குள் சுவாலை தெரியாவிட்டால் வால்வு மூடி, சிவப்பு விளக்கு எரியும்.

அந்த நேரத்தில் ரீசெட் பொத்தானை ஒரு தடவை அமர்த்திப் பார்க்கலாம். மறுபடி நின்றால் அதோடு விட்டுவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும். ஏன்? ஒவ்வொரு தடவையும் எரியாத எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக அடுப்புக்குள் விழுகிறது. நாலைந்து தடவை அமர்த்திய பிறகு திடீரென்று தீப்பற்றினால், சேர்ந்த எண்ணெய் எல்லாம் ஒன்றாக வெடித்து எரியும். கதவுக்கு முன்னால் நிற்பவரின் கதி என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

சில பர்னர்களில் வால்வு ஒன்று திறந்திருக்கும் அல்லது மூடியிருக்கும். சிலவற்றில் சின்னச் சுவாலை, பெரிய சுவாலை என இரண்டு நிலை உண்டு. இன்னும் சிலவற்றில் ஒரு சிறிய மோட்டார் எண்ணெய் வால்வையும் காற்று டம்பரையும் சேர்த்து, தேவைக்கு ஏற்பத் திருப்பும். இங்கே விதி ஒன்றுதான்: தீயைக் கூட்டும்போது காற்று முந்த வேண்டும், குறைக்கும்போது எண்ணெய் முந்திக் குறைய வேண்டும். காற்று போதாவிட்டால் புகைபோக்கியில் கறுப்புப் புகை வரும். காற்று அளவுக்கு மிஞ்சினால் சூடு புகைபோக்கி வழியே வீணாகும்.

விறகு அடுப்பு என்றால்?

நமது நாட்டுத் தேயிலைத் தொழிற்சாலைகளில் பெரும்பாலானவை விறகுதான் எரிக்கின்றன. இங்கே எண்ணெய் வால்வுக்குப் பதிலாகக் காற்றாடியும் டம்பரும் தீயைக் கட்டுப்படுத்தும். குறித்த சூடு, எல்லைச் சூடு என்ற கணக்கு அதேதான். ஒரு வித்தியாசத்தை மறக்கக்கூடாது. வால்வை மூடினால் எண்ணெய்த் தீ உடனே அணையும். டம்பரை மூடினாலும் விறகுத் தணல் உடனே அணையாது, சூடு இன்னும் சிறிது நேரம் ஏறலாம். அதனால் குறித்த சூட்டுக்கு வருமுன்பே விறகு போடுவதைக் குறைக்க வேண்டும். கரண்ட் நின்றால் உடனே விறகு போடுவதை நிறுத்தி, தொழிற்சாலையின் அவசர ஒழுங்கின்படி நடக்க வேண்டும்.

எண்ணைக் கூட்டினால் சீக்கிரம் சூடேறுமா?

காலையில் டிரையரைக் கிளப்பும்போது, "சீக்கிரமா ஏறட்டும், 95க்குப் பதிலா 120 வை" என்பார்கள். இது தப்பான எண்ணம். 95 வைத்தாலும் 120 வைத்தாலும், சூடு தொலைவில் இருக்கும்வரை பர்னர் ஒரே அளவில்தான் எரியும். எங்கே நிற்பது என்பதுதான் மாறும். அவசரத்தில் மறந்துவிட்டால் முதல் தட்டுத் தூள் கருகும்.

இன்னொன்று: வெளிக்காற்றின் சூடு குறைந்தால் உடனே குறித்த சூட்டைக் கூட்டாதீர்கள். காரணம் வேறு இடத்தில் இருக்கலாம். ஒரு கணக்கைப் பாருங்கள். 100 கிலோ தேயிலை செய்ய, தூளில் 55 சதவீதம் ஈரம் இருந்தால் சுமார் 116 கிலோ தண்ணீரைப் போக்க வேண்டும். வாட்டம் சரியில்லாமல் ஈரம் 60 சதவீதமாக இருந்தால் சுமார் 143 கிலோ. ஐந்து சதவீத வித்தியாசம்தானே என்று நினைப்போம், ஆனால் சுமார் 27 கிலோ தண்ணீர் கூடுதலாகப் போக வேண்டும். ஆகவே முதலில் வாட்டத்தையும், தட்டில் தூள் பரப்பிய கனத்தையும் பாருங்கள்.

எண்ணை மாற்றும் ஒழுங்கு

1. டீமேக்கரிடம் சொல்லி அனுமதி பெறுங்கள்.
2. பழைய எண்ணைப் புத்தகத்தில் எழுதுங்கள்.
3. உணர்கருவி தன் இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அது கழன்று வெளியே தொங்கினால், சூடு இல்லை என்று நினைத்துப் பெட்டி தீயைக் கூட்டிக்கொண்டே போகும்.
4. ஒரு தடவைக்கு 2 பாகை மட்டும் மாற்றுங்கள்.
5. ஒரு சுற்றுத் தூள் காய்ந்து வரும்வரை பொறுத்திருந்து, வெளிக்காற்றையும் தேயிலையையும் பாருங்கள்.
6. புதிய எண்ணையும் நேரத்தையும் எழுதிக் கையெழுத்து வையுங்கள். அடுத்த ஷிப்டுக்கு வருபவருக்கு வாயாலும் சொல்லுங்கள்.

வேலை முடிந்து பர்னரை நிறுத்தியதும் பெரிய காற்றாடியையும் சேர்த்து நிறுத்திவிடக்கூடாது. அடுப்பு ஆறும்வரை அது ஓட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே உள்ள இரும்பு வெடிப்புக் காணும். அந்த வெடிப்பு வழியே புகை தேயிலைக்குள் போனால், நாற்றம் பிடித்த தேயிலைக்கு ஏலத்தில் நல்ல விலை கிடைக்காது.

உங்களை நீங்களே கேட்டுப் பாருங்கள்

1. குறித்த சூடு 96, இடைவெளி 5. வால்வு எப்போது மூடும்? பர்னர் எப்போது மீண்டும் கிளம்பும்?
2. சிவப்பு விளக்கு இரண்டாம் தடவையும் எரிந்தால் என்ன செய்வீர்கள்?
3. செல்சியஸ் பெட்டியில் "210 பரனைட்" வேண்டுமானால் எந்த எண்ணை வைப்பீர்கள்?

விடைகள்: (1) 96இல் மூடும், 91இல் கிளம்பும். (2) பொத்தானைத் தொடாமல் ஆளைக் கூப்பிட வேண்டும். (3) 99.

வீட்டில் பிள்ளைகளோடு சேர்ந்து இந்தக் கணக்குகளைச் செய்து பாருங்கள். அடுப்படியில் நிற்கும் அப்பாவோ அண்ணனோ இருந்தால், பிள்ளைகளே அவர்களிடம் கேட்கட்டும்: "ஒங்க பெட்டி செல்சியஸா, பரனைட்டா?" பதில் உடனே வராவிட்டால், நாளைக்கே பார்த்து வரச் சொல்லுங்கள்.