பட்டியல் வந்தால் நின்று யோசியுங்கள்

மெல்போர்ன் கிளேட்டனில் இருந்துகொண்டு மளிகைக் கடைகளுக்கும் உணவகங்களுக்கும் ஆன்லைன் ஆர்டர் மென்பொருள் எழுதுவது என் வேலை. கிளேட்டன் ரோட்டுத் தோசைக் கடையும் சிட்னி வென்ட்வொர்த்வில் மளிகைக் கடையும் எங்கள் ஒரே சர்வரில்தான் ஓடுகின்றன. ஆனால் இரண்டுக்கும் விடுமுறை வேறு, திறக்கும் நேரம் வேறு, டெலிவரி எல்லை வேறு. அதனால் செட்டிங்குகள் மூன்று அடுக்காக இருக்கின்றன: நாட்டுக்கு ஒன்று, மாநிலத்துக்கு ஒன்று, கடைக்கு ஒன்று. ஆர்டர் வரும்போது மூன்றையும் சேர்த்து ஒரே ஆப்ஜெக்ட் ஆக்குகிறோம். டீப் மெர்ஜ் என்பது இதுதான்.

ஜாவாஸ்கிரிப்டில் மூன்று புள்ளி ஸ்ப்ரெட், ஆப்ஜெக்ட்.அசைன், பைத்தானில் 2020இல் 3.9 பதிப்போடு வந்த செங்குத்துக்கோடு என எல்லாமே மேல்மட்டத்தோடு நின்றுவிடும். டெலிவரி என்ற கீக்குள் கட்டணம், நேரம், எல்லை மூன்றும் இருக்க, கடைக்காரர் கட்டணத்தை மட்டும் மாற்றினால் மற்ற இரண்டும் போய்விடும். ஆகவே உள்ளே இறங்கித்தான் சேர்க்க வேண்டும். ஆப்ஜெக்ட்டுக்குள் ஆப்ஜெக்ட் என்றால் சிக்கல் இல்லை. ஒரே பெயருள்ள கீகள் தானாகப் பொருந்திவிடும். தகராறு தொடங்குவது அர்ரேயில்.

ஒரே கோப்பு, மூன்று பட்டியல்

முதலில் விடுமுறைகள். நாட்டு அடுக்கில் புத்தாண்டு, ஆஸ்திரேலியா டே, குட் ஃபிரைடே என்று வரிசை போகிறது. விக்டோரியா அடுக்கில் லேபர் டே, 2015 முதல் விடுமுறையான கிராண்ட் ஃபைனல் வெள்ளி, நவம்பர் முதல் செவ்வாயில் வரும் மெல்போர்ன் கப் டே. லோடாஷ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியின் மெர்ஜ் அர்ரேக்களை இட எண்படி சேர்க்கும். பூஜ்ஜியமாம் இடத்தில் இருந்த புத்தாண்டின் மேல் லேபர் டே வந்து உட்காரும். ஆஸ்திரேலியா டேயும் குட் ஃபிரைடேயும் அதேபோல் அழியும். பிழைச்செய்தி எதுவும் வராது. ஜனவரி முதல் தேதியன்று பூட்டிய கடைக்கு ஆர்டர் போகும்போதுதான் தெரியும். இந்தப் பட்டியலுக்கு வேண்டியது பின்னால் சேர்ப்பது. டீப்மெர்ஜ் என்ற என்பிஎம் பேக்கேஜ், நாம் எதுவும் சொல்லாவிட்டால், அதைத்தான் செய்யும்.

அப்படியானால் டீப்மெர்ஜ் போதுமா? திறக்கும் நேரத்தைப் பாருங்கள். உணவகங்களுக்குப் பொதுவான திங்கட்கிழமை: மதியம் 11:30 முதல் 2:30 வரை, மாலை 5:30 முதல் 9:30 வரை. ஒரு கடை திங்களன்று மதியம் 11 முதல் 3 வரை மட்டும் என்கிறது. பின்னால் சேர்த்தால் மூன்று நேரங்கள் வரும், அதில் இரண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். இட எண்படி சேர்த்தால் மதியம் சரியாகிவிடும், ஆனால் மாலை நேரம் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பிருந்த கோட் அப்படித்தான் இருந்தது. கடைக்காரர் ஒருவர் போனில் கேட்டது: "தம்பி, திங்கக்கிழமை சாயங்காலம் நாங்க அடுப்பே பத்தவைக்கிறதில்ல. உங்க ஆப் மட்டும் எப்படி ஆர்டர் எடுக்குது?" இந்தப் பட்டியலுக்கு ஒரே வழி, பழையதைத் தூக்கிவிட்டுப் புதியதை வைப்பதுதான்.

மூன்றாவது டெலிவரி எல்லை. 3168 கிளேட்டன், 3169 கிளேட்டன் சவுத், 3150 கிளென் வேவர்லி என ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டணம். கடை 3150க்கு மட்டும் கட்டணத்தைக் கூட்டினால், அஞ்சல் குறியீட்டை வைத்து அந்த வரியைத் தேடி, அதை மட்டும் மாற்ற வேண்டும். குபர்னெட்டீஸ் தன் கன்டெய்னர் பட்டியலை இப்படித்தான் சேர்க்கிறது: பெயர் ஒத்துப்போனால் அதே உறுப்பு, இல்லாவிட்டால் புதியது.

ஆக ஒரே கோப்பில் மூன்று அர்ரே, மூன்று விதி. எந்த லைப்ரரியும் இதை ஊகிக்க முடியாது. லோடாஷில் மெர்ஜ்வித், டீப்மெர்ஜில் அர்ரேமெர்ஜ், கஸ்டம்மெர்ஜ் என நம் விதியைச் செருக வழி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

நீக்குவதற்கு வழி வையுங்கள்

சேர்ப்பதை எல்லோரும் யோசிக்கிறார்கள், எடுப்பதை யோசிப்பதில்லை. விக்டோரியாவின் சில வட்டாரங்களில் கப் டேக்குப் பதில் வேறொரு நாள் விடுமுறை. அங்குள்ள கடை கப் டேயைப் பட்டியலிலிருந்து எப்படி எடுக்கும்? 2014இல் வந்த ஆர்எஃப்சி 7396, அதாவது ஜேசன் மெர்ஜ் பேட்ச், ஒரு கீக்கு நல் கொடுத்தால் அந்தக் கீயையே நீக்கிவிடச் சொல்கிறது. ஆனால் அதே விதியில் அர்ரேயை முழுசாகத்தான் மாற்ற முடியும். உள்ளே ஒன்றை மட்டும் உருவ முடியாது.

இதற்கு நான் கண்ட நல்ல தீர்வு, விடுமுறைகளை அர்ரேயாக வைக்காமல் ஆப்ஜெக்ட்டாக வைப்பது. 'கப்_டே' என்பது கீ, தேதி அதற்குள் இருக்கும். வேண்டாத கடை நல் போட்டுவிடும். இட எண் சண்டையும் போய்விடும். அஞ்சல் குறியீடுகளுக்கும் இதையே செய்தோம். பாதிச் சிறப்பு விதிகள் தேவையில்லாமல் போயின. வரிசை முக்கியமில்லாத பட்டியலை ஆப்ஜெக்ட்டாக்க முடியுமா என்று முதலில் பாருங்கள்.

நல்லும் அன்டிஃபைன்டும் ஒன்றல்ல என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். பழைய மதிப்பு இருக்கும்போது புதியது அன்டிஃபைன்ட் என்றால் லோடாஷ் மெர்ஜ் பழையதையே வைத்துக்கொள்ளும். ஸ்ப்ரெட் அதை அழித்துவிடும். பிஎச்பிக்காரர்களுக்கு இன்னொரு பள்ளம்: அர்ரே_மெர்ஜ்_ரிகர்சிவ் ஒரே கீயின் இரண்டு எண்களையும் சேர்த்து அர்ரே ஆக்கிவிடும். ஜிஎஸ்டி 10 இரண்டு அடுக்கிலும் இருந்தால் கிடைப்பது 10 அல்ல, இரண்டு 10 கொண்ட அர்ரே. அங்கே பெரும்பாலும் நமக்கு வேண்டியது அர்ரே_ரீப்ளேஸ்_ரிகர்சிவ். ஆனால் அதுவும் பட்டியல்களை இட எண்படிதான் சேர்க்கும்.

ஒரு கடையின் செட்டிங் அடுத்த கடைக்குப் போகாமல்

சர்வர் ஒரு ரிக்வெஸ்ட்டோடு முடிவதில்லை. பொது செட்டிங் நினைவகத்தில் உட்கார்ந்தே இருக்கும். லோடாஷ் மெர்ஜ் முதல் ஆர்க்யூமென்டையே மாற்றும் என்பதால், அதில் பொது செட்டிங்கைக் கொடுத்தால் தோசைக் கடையின் நேரம் அடுத்து வரும் எல்லாக் கடைகளுக்கும் ஏறிவிடும். முதலில் ஒரு வெற்று ஆப்ஜெக்ட்டைக் கொடுங்கள். ஸ்ப்ரெட் போட்டு நகலெடுத்துவிட்டு அதில் மெர்ஜ் செய்வது போதாது; உள் ஆப்ஜெக்ட்டுகள் இன்னும் பழையவைதான். சர்வர் தொடங்கும்போதே பொது செட்டிங்கை அடிமட்டம் வரை ஃப்ரீஸ் செய்துவிடுவது எங்கள் வழக்கம்.

வெளியிலிருந்து வரும் ஜேசன்

கடைக்காரரின் திரையிலிருந்து வரும் ஜேசனை நேராக மெர்ஜுக்குள் தள்ளாதீர்கள். இருபுறமும் இரட்டை அடிக்கோடு போட்ட 'புரோட்டோ' என்ற கீயை யாராவது அனுப்பினால், கவனமில்லாத மெர்ஜ் அதன் வழியே இறங்கி, எல்லா ஆப்ஜெக்ட்டுகளுக்கும் மூலமான புரோட்டோடைப்பிலேயே எழுதிவிடும். லோடாஷின் மெர்ஜுக்கு 2018இல் 4.17.5 பதிப்பிலும், டிஃபால்ட்ஸ்டீப்புக்கு 2019இல் 4.17.12 பதிப்பிலும், ஜேக்வெரியின் எக்ஸ்டெண்டுக்கு அதே ஆண்டு 3.4.0 பதிப்பிலும் இந்த ஓட்டையை அடைத்தார்கள். பேக்கேஜைப் புதுப்பிப்பதோடு, அனுமதித்த கீகளை மட்டும் ஸ்கீமா வைத்து உள்ளே விடுங்கள். சொந்தமாக மெர்ஜ் எழுதினால் 'புரோட்டோ'வோடு 'கன்ஸ்ட்ரக்டர்', 'புரோட்டோடைப்' கீகளையும் தடுங்கள்.

டெஸ்டில் கேட்க வேண்டியவை

மொனாஷ் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே எங்களிடம் பயிற்சிக்கு வந்த யாழ்ப்பாணத்துத் தங்கை ஒருவர், "அண்ணா, இது ஒரு லைன்தானே, லோடாஷில இருக்கே" என்றார். கோட் ஒரு வரிதான். அதற்கு முன் ஓர் அட்டவணையை நிரப்பச் சொன்னேன்: செட்டிங்கில் உள்ள ஒவ்வொரு பட்டியலின் பெயர், அதற்கெதிரே சேர், மாற்று, கீ பார்த்துப் பொருத்து ஆகிய மூன்றில் ஒன்று. பிறகு ஒவ்வொன்றுக்கும் டெஸ்ட். வெற்று அடுக்கைச் சேர்த்தால் எதுவும் மாறக் கூடாது. ஒரே அடுக்கை இரண்டு தரம் சேர்த்தாலும் முடிவு ஒன்றாக இருக்க வேண்டும். பின்னால் சேர்க்கும் பட்டியல்கள் இங்கேதான் மாட்டும், டூப்ளிகேட்டை வடிகட்ட வேண்டும். மெர்ஜுக்குப் பின் மூல ஆப்ஜெக்ட் அப்படியே இருக்க வேண்டும்.

அவர் நிரப்பிய அட்டவணையில் சில வரிகளுக்கு எங்கள் அலுவலகத்தில் யாரிடமும் பதில் இல்லை. அந்த வரிகளைக் கடைக்காரர்களிடம் கேட்டுத்தான் நிரப்பினோம். புதிதாக ஒரு பட்டியல் வந்து, அதற்கு அட்டவணையில் விதி இல்லையென்றால், எங்கள் சர்வர் இப்போது தொடங்க மறுத்துவிடும்.